மத்தியூஸும் பின்னியும்

உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் பெருமையை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று பதிவேடு. இத்தனை ஆட்டங்கள், இத்தனை கோல்கள், இத்தனை கிண்ணங்கள் என்று அது கணக்குச் சொல்லும். மற்றது மைதானத்தின் வாயிற்கதவு. அவர் ஆடுகிறார் என்று கேட்டு எத்தனை பேர் காசு கொடுத்து உள்ளே வந்தனர் என்பதை அது சொல்லும். பெரும்பாலும் இவ்விரண்டும் ஒத்தே போகும். ஒவ்வாமற் போகும் இடங்கள் சிலவே. அத்தகைய இடங்களுள் மிகவும் சிந்தனைக்குரியது, இங்கிலாந்தில் ஒரே காலத்திலே, ஒரே வலக்கரையிலே ஆடிய ஸ்ரான்லி மத்தியூஸ், ரொம் பின்னி என்னும் இருவரின் வரலாறாகும்.

1961 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே ஸ்ரோக் சிற்றி என்னும் கழகம் லீக் போட்டியின் இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் சொந்த மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 8,409 பேர். அதே மைதானத்தில் ஒக்டோபர் 28 ஆந் திகதி நடந்த ஆட்டத்திற்கு வந்தவர்கள் 35,974 பேர். இடையிலே நிகழ்ந்தது ஒன்றே. பிளாக்பூல் கழகத்துக்கு 3,500 பவுண் கொடுத்து, 46 வயது நிரம்பிய ஒருவரை ஸ்ரோக் தன் அணிக்குத் திருப்பி அழைத்திருந்தது. அவரே மத்தியூஸ். 46 வயது என்பது உதைபந்தாட்ட உலகிலே பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து ஆட்டம் பார்க்க அழைத்துச் செல்லும் வயது. அந்த வயதில் ஒருவர் களத்தில் இறங்குகிறார் என்பதற்காக 27,565 பேர் மேலதிகமாக வந்தனர்.

அந்நாளிலே, அங்கிருந்து வடக்கே பிரெஸ்ரன் நகரில், மத்தியூஸிலும் ஏழு வயது இளையவரான ரொம் பின்னி, ஆட்டத்தை விட்டு ஓராண்டுக்கு மேலாகி, தம்முடைய நீர்க்குழாய்த் தொழில் நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல்கள் அடித்தவர் அவர். மத்தியூஸ் ஆடியவை 54, அடித்தவை 11. லீக் போட்டிகளில் பின்னி 433 ஆட்டங்களில் 187 கோல்கள் அடித்தார். மத்தியூஸ் எழுநூறு அளவான ஆட்டங்களில் 71 கோல்களே அடித்தார். பதிவேட்டின் தீர்ப்பு இதிலே ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. வாயிற்கதவின் தீர்ப்போ வேறு. பதிவேடு ஒருவரையும் மக்கள் மற்றவரையும் மேலாகக் கொண்டது எவ்வாறு?

மத்தியூஸ் 1915 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்ரோக் நகரைச் சேர்ந்த ஹன்லியிலே பிறந்தார். தந்தையார் ஜாக் மத்தியூஸ் முடி திருத்தும் தொழிலாளி; குத்துச்சண்டை வீரராகவும் அவ்வட்டாரத்தில் புகழ் பெற்றவர். பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பித் தேகப்பயிற்சி செய்விப்பது அவர் வழக்கம். மகனுக்கு அப்பழக்கம் இறுதிவரை போகவில்லை. மதுவும் புகையும் தீண்டாமல், அதிகாலையிலே பிளாக்பூல் கடற்கரையில் ஓடி, திங்கட்கிழமைதோறும் உண்ணாமலிருந்து உடலைக் காத்தார் மத்தியூஸ். நம்மவர் கந்தனை நினைந்தும் சிவனை நினைந்தும் நோற்கும் விரதத்தை, அவர் தமது கால்களை நினைந்து நோற்றார் எனலாம். ஈயத் தகடு வைத்த சப்பாத்தோடு மைதானம்வரை நடந்துவந்து, அதைக் கழற்றி இலேசான விளையாட்டுச் சப்பாத்தை அணிவார். அப்பொழுது கால் காற்றைப்போல் இருக்கும் என்பது அவர் கணக்கு.

பின்னி 1922 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆந் திகதி பிரெஸ்ரனிலே, கழகத்தின் டீப்டேல் மைதானத்துக்கு அண்மையிலே பிறந்தார். சிறுவயதில் மெலிந்த, நோஞ்சான் உடம்பு. கழகம் அவரை அழைத்தபோது தந்தையார் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் குழாய்த் தொழிலைக் கற்று முடிக்கவேண்டும், அதன்பின்னரே பந்து என்று நிபந்தனை விதித்தார். அந்தத் தந்தையின் முன்யோசனை எத்தகையது என்பது பின்னர் தெரியவரும். தொழிலைக் கற்று முடிக்குமுன் போர் வந்துவிட்டது. எகிப்திலும் இத்தாலியிலும் கவசவாகனப் படையிற் பணிபுரிந்து மீண்ட பின்னி, தம் முதல் லீக் ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது 24. மத்தியூஸ் அந்த வயதுக்குள் ஐந்தாண்டுகள் இங்கிலாந்தின் வீரராக இருந்துவிட்டார். புகழ் என்னும் பயிருக்கு முந்தி விதைத்தவர் என்னும் வாய்ப்பு மத்தியூஸுக்கு இருந்தது என்பதையும் இங்கே மறத்தலாகாது.

இனி, இருவரும் ஆடிய விதத்தைப் பார்க்கவேண்டும். ஏனெனில் மக்கள் அன்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வலது விங் என்று சொல்லப்படும் வலக்கரை ஆட்டக்காரரின் வேலை, மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டு சென்று, எதிரணியின் இடது பின்வரிசைக் காவலரைக் கடந்து, கோல் வாயிலில் நிற்கும் தம் தோழருக்குப் பந்தைச் சேர்ப்பதாகும். மத்தியூஸ் இதைச் செய்த முறை ஒன்றே. பந்தைக் காலருகே வைத்துக்கொண்டு மெதுவாக, ஏறத்தாழ நடந்தே, காவலரை நோக்கி வருவார். அருகே வந்ததும் உடல் முழுவதும் இடப்பக்கம் சாயும். காவலரும் அப்பக்கம் சாய்வார். மறுகணம் மத்தியூஸ் வலப்பக்கத்தால் போய்விடுவார். முதற் பத்து யாரில் அவரைப் பிடிப்பார் இல்லை. இந்த வித்தை இங்கிலாந்தில் எல்லாருக்கும் தெரியும். காவலருக்குத் தெரியும்; காவலரின் பயிற்சியாளருக்குத் தெரியும்; பந்தல் ஓரத்தில் நின்ற சிறுவனுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இங்கேதான் அவர் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். கூத்துப் பார்க்கப் போகிறவன் கதை தெரியாமலா போகிறான்? தெரிந்த கதை, தெரிந்த கட்டத்தை நெருங்கும்போதுதான் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறான். மத்தியூஸின் காலில் பந்து வந்ததும் நாற்பதினாயிரம் பேர் ஓசை அடங்கி நிற்பார்கள். அதுவும் ஓரக்கோட்டிலே, அவர்கள் கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்திலே அது நடந்தது.

பின்னியின் ஆட்டம் இப்படி ஓரிடத்தில் அடங்கவில்லை. அவர் இயல்பில் இடது காற்காரர். வலக்கரையில் ஆடவேண்டி வலது காலைப் பழக்கி, இரண்டையும் ஒப்பாக்கிக்கொண்டவர். வலக்கரை, இடக்கரை, நடுமுன்னணி ஆகிய மூன்று நிலைகளிலும் இங்கிலாந்துக்காக ஆடியவர். பந்தை வளைத்தும் கொண்டுபோவார்; தலையாலும் அடிப்பார்; கோலும் போடுவார்; பறிகொடுத்த பந்தை ஓடிப்போய்த் திரும்பவும் பறிப்பார். அவருடன் பிரெஸ்ரனில் ஆடியவரும், பின்னாளில் லிவர்பூல் கழகத்தை உயர்த்தியவருமான பில் ஷாங்க்லி, பின்னி பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினாலும் எந்தக் காலத்து அணியிலும் இடம் பெறுவார் என்று சொல்லிவந்தார். உடன் ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் இருவரையும் ஒப்பிடும்போது, பின்னியின் பக்கமே பெரிதும் சாய்ந்தனர். அணியின் தலைவர் ஒருவர் பதினொருவரைத் தெரிவுசெய்ய உட்கார்ந்தால் முதலில் எழுதவேண்டிய பெயர் பின்னியினுடையது என்பதை மறுப்பது கடினம். ஆனால் பார்க்க வருகிறவர் அணியைத் தெரிவுசெய்ய வருவதில்லை.

இவ்வாறான இருவரை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் தெரிவுக்குழுவினர் பட்ட பாடு தனிக்கதை. 1946 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மத்தியூஸ் காயமுற்றிருந்தபோது அவர் இடத்தில் முதன்முதலாக ஆடிய பின்னி, பெல்பாஸ்ற் நகரில் வட அயர்லாந்துக்கு எதிராகக் கோலும் அடித்தார். அன்று தொடங்கிய வழக்கு, மத்தியூஸா பின்னியா என்னும் வழக்கு, பத்திரிகைகளிலும் மதுச்சாலைகளிலும் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. இருவரையுமே ஆடவிட்டால் என்ன என்ற எளிய எண்ணம், 1947 மே மாதத்தில் சுவிற்சர்லாந்திடம் 0-1 என்று தோற்ற பிறகுதான் தெரிவுக்குழுவுக்குத் தோன்றியது. ஒரு வாரத்தில், மே 25 ஆந் திகதி லிஸ்பன் நகரிலே மத்தியூஸ் வலக்கரையிலும் பின்னி இடக்கரையிலும் நின்றனர். போர்த்துக்கல் 10-0 என்று தோற்றது. லோட்டன் நான்கு, மோட்டென்சன் நான்கு, கரைக்காரர் இருவரும் ஒவ்வொன்று. அடுத்த ஆண்டு மே மாதம் ரூரின் நகரில் இத்தாலியை 4-0 என்று வென்றபோதும் இருவரும் இரு கரைகளில் நின்றனர். அந்நான்கில் இரண்டு பின்னியுடையவை.

இத்தனையும் கண்ட பின்னரும், 1950 உலகக் கிண்ணப் போட்டியிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு எதிரான ஆட்டத்தில் மத்தியூஸ் பார்வையாளர் வரிசையில் உட்காரவைக்கப்பட்டார். இங்கிலாந்து 0-1 என்று தோற்றது. தோல்வி அவர் இல்லாமையால் வந்தது என்று சொல்வதற்கில்லை. அன்று பின்னி ஆடத்தான் செய்தார், இங்கிலாந்தின் பந்துகள் கம்பத்திலும் கோல் காப்பாளரின் கையிலும் பட்டுத் திரும்பின. ஆனால் நாட்டு மக்கள் அப்படிப் பார்க்கவில்லை. பெரியோர் சிலர் மேசையைச் சுற்றியிருந்து தங்கள் மத்தியூஸை ஒதுக்கிவிட்டனர் என்றே கொண்டனர். ஒதுக்கப்பட்டவர்மேல் அன்பு கூடுவது உலக இயல்பு. பின்னிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. உடல்நலமாக இருந்தபோதெல்லாம் அவரை எல்லாரும் தெரிவு செய்தார்கள்.

மத்தியூஸின்மேல் ஊர் கொண்ட உரிமை எத்தகையது என்பதற்கு 1938 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னாற் போதும். கழகத்தோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் அவர் ஸ்ரோக்கை விட்டுப் போக விரும்பினார். செய்தி பரவியதும், அவரைப் போகவிடலாகாது என்று நகர மண்டபத்திலே பொதுக்கூட்டம் கூடியது. மூவாயிரம் பேர் உள்ளே. இடமின்றி வெளியே நின்றவர் வேறு. ஒரு பந்தாட்டக்காரருக்காகப் பொதுக்கூட்டம்! அவர் தங்கினார். ஒன்பதாண்டுகளின் பின் அதேபோன்றதொரு பிணக்கில் கழகம் அவரை 11,500 பவுணுக்குப் பிளாக்பூலுக்கு விற்றது. அப்பொழுது லீக் பட்டம் ஸ்ரோக்கின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரில்லாத அணி பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றுப் பட்டத்தைக் கைநழுவவிட்டது. மத்தியூஸுக்கு அன்று வயது 32. இன்னும் இரண்டொரு பருவம் ஆடுவார் என்று பிளாக்பூலார் நினைத்திருக்கலாம். பதினான்கு ஆண்டுகள் ஆடினார்.

அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவரிடம் இல்லாதது ஒன்று இருந்தது: ஆங்கில உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் பதக்கம். 1948 இல் பிளாக்பூல் இறுதியாட்டத்துக்குச் சென்று மன்செஸ்ரர் யுனைற்றெட்டிடம் 2-4 என்று தோற்றது. 1951 இல் மறுபடி சென்று நியூகாசிலிடம் 0-2 என்று தோற்றது. 1953 இல் மூன்றாந் தடவையும் வந்தபோது அவருக்கு 38 வயது. பிளாக்பூல் எங்கேயிருக்கிறது என்று அறியாதவரும் அவருக்குப் பதக்கம் கிடைக்கவேண்டும் என்று விரும்பினர்.

இவ்விடத்தில் வரலாறு செய்த வேடிக்கை கவனிக்கத்தக்கது. அதே பருவத்தில் பின்னியின் பிரெஸ்ரன் லீக் பட்டத்தின் வாயிலில் நின்றது. ஏப்ரல் இறுதியில் பிரெஸ்ரன் தன் கடைசி ஆட்டத்தைப் பின்னி அடித்த கோலினால் வென்று, 54 புள்ளிகளோடு காத்திருந்தது. மே முதலாந் திகதி, வெள்ளிக்கிழமை, ஆர்சனல் கழகம் தன் கடைசி ஆட்டத்தில் பேர்ன்லியை 3-2 என்று வென்று அதே 54 புள்ளிகளை எட்டியது. கோல் விகிதம் பார்த்தார்கள். ஆர்சனல் அடித்தவை 97, விட்டவை 64. பிரெஸ்ரன் அடித்தவை 85, விட்டவை 60. வகுத்துப் பார்த்தால் வேற்றுமை ஒரு கோலின் பத்திலொரு பங்குகூட இல்லை. அந்த அற்ப பின்னத்தினால், பின்னி தம் வாழ்நாளில் பெறாத முதற்பிரிவுப் பட்டம் பறிபோயிற்று. அதை நினைந்து வருந்தவும் நாட்டுக்கு நேரம் இருக்கவில்லை. மறுநாட் சனிக்கிழமை வெம்பிளியில் மத்தியூஸின் இறுதியாட்டம்.

அந்த ஆட்டம் எத்தனையோ முறை சொல்லப்பட்டது; ஆயினும் சரியாகச் சொல்லப்பட்டது குறைவு. போல்ரன் கழகத்தின் நாற் லொவ்ட்ஹவுஸ் இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். இடைவேளைக்குப்பின் போல்ரன் 3-1 என்று முன்னின்றது. ஆனால் போல்ரனின் எரிக் பெல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தொடைத்தசை பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலோடுதான் மூன்றாவது கோலைத் தலையால் அடித்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அக்காலத்தில் இல்லை. மத்தியூஸை மறிக்கவேண்டிய ரால்ப் பாங்ஸ் என்பவருக்கும் கால் குரக்கு ஏறியிருந்தது. பிளாக்பூலார் இதைக் கண்டுகொண்டு பந்தை விடாமல் வலக்கரைக்கே அனுப்பினர். 68 ஆம் நிமிடத்தில் மத்தியூஸ் அனுப்பிய பந்தை மோட்டென்சன் கோலாக்கினார். 3-2. 89 ஆம் நிமிடத்திலே தனி உதை ஒன்றைத் தாமே உதைத்து மூன்றாவதையும் அடித்தார். 3-3. மேலதிக நேரத்தில் மத்தியூஸ் ஓரக்கோடுவரை சென்று பின்னோக்கிப் பந்தைத் தள்ள, பில் பெரி அதை உள்ளே அடித்தார். 4-3. மகுடாபிஷேகத்துக்கு ஒரு மாதமே இருந்த எலிசபெத் அரசியார் பதக்கத்தை வழங்கினார்.

வெம்பிளியில் நடந்த கிண்ண இறுதியாட்டங்களிலே ஒருவரே மூன்று கோல்கள் அடித்தது அதுவே முதன்முறை. அதைச் செய்தவர் ஸ்ரான் மோட்டென்சன். வெற்றிக் கோலை அடித்தவர் பெரி. அந்த ஆட்டத்துக்கு ஊர் வைத்த பெயரோ மத்தியூஸ் இறுதியாட்டம். மத்தியூஸே அப்பெயரை விரும்பவில்லை. மூன்று கோல் அடித்த நண்பருக்கு உரியது தமக்கு வந்துவிட்டது என்று பலமுறை சொன்னார். ஊர் கேட்கவில்லை. 1991 இல் மோட்டென்சன் காலமானபோது, அவருடைய ஈமச்சடங்கையும் மத்தியூஸ் ஈமச்சடங்கென்றே அழைப்பார்களோ என்று கசப்பான பகிடி ஒன்று வழங்கியது. பெரும் புகழுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் சிலவேளை நிழலில் நிற்கவேண்டியிருக்கிறது. இதற்குப் புகழ் பெற்றவர்மேல் குற்றஞ் சொல்ல இயலாது. ஆனால் கணக்கு எழுதுகிறவர் மோட்டென்சனின் பெயரை முதலில் எழுதுவது கடன்.

அடுத்த ஆண்டு பின்னியின் முறை வந்தது. 1954 மே முதலாந் திகதி பிரெஸ்ரனின் தலைவராக அவர் வெம்பிளிக்குச் சென்றார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று உதைபந்தாட்ட எழுத்தாளர் சங்கம் அவரையே தெரிவுசெய்திருந்தது. சென்ற ஆண்டு மத்தியூஸுக்கு நடந்தது இந்த ஆண்டு பின்னிக்கு நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அன்று பின்னியின் ஆட்டம் எடுபடவில்லை. ஒரு நேரம் 2-1 என்று முன்னின்ற பிரெஸ்ரன், வெஸ்ற் புரொம்விச்சிடம் 2-3 என்று தோற்றது. மூன்று முயற்சியில் ஒருவருக்குக் கிட்டியது மற்றவருக்கு ஒரே முயற்சியில் கிட்டாமற் போயிற்று. மறு முயற்சிக்கு அவருக்கு வழியும் வரவில்லை.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர். ஆனால் அத்தொழிலின் கூலிக்கு உச்சவரம்பு இருந்தது. 1952 இல் எந்தக் கழகமும் எந்த ஆட்டக்காரருக்கும் பருவகாலத்தில் வாரத்துக்கு 14 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கலாகாது. கோடையில் அதனினும் குறைவு. மத்தியூஸைக் காண ஐம்பதினாயிரம் பேர் வந்தாலும் 14 பவுண். அதே அணியில் இருப்பதே தெரியாமல் ஆடிய ஒருவருக்கும் 14 பவுண். கூலிக்கு வரம்பு வைத்தது போதாதென்று, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் விடுவித்தாலன்றி ஆட்டக்காரர் வேறெங்கும் போகமுடியாது என்ற விதியும் இருந்தது.

1952 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து அணியுடன் இத்தாலிக்குச் சென்றிருந்தபோது, பலெர்மோ கழகத்தின் தலைவராகிய பிரபு ஒருவர் பின்னியை அணுகினார். கையெழுத்திட்டால் 10,000 பவுண், மாதம் 130 பவுண் சம்பளம், வெற்றிக்கு வெகுமதி, கடலோரத்தில் மாளிகை, மோட்டார் வண்டி. பின்னி ஊர் திரும்பிக் கழகத்தாரிடம் சொன்னார். பிரெஸ்ரனுக்கு ஆடாவிட்டால் எவருக்கும் ஆடமுடியாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழியின் சாரம். பின்னி மறுபேச்சின்றித் தம் வேலையைப் பார்க்கப் போனார். வேலை என்பது பந்தும் குழாயும். வாரநாட்களில் பயிற்சி முடிந்ததும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் குழாய் திருத்தப் போவார். சனிக்கிழமை அவரைப் பார்த்து ஆரவாரித்தவர், திங்கட்கிழமை அவரைத் தம் சமையலறையில் கண்டிருக்கக்கூடும். பிரெஸ்ரனின் குழாய்த் தொழிலாளி என்ற பெயரைப் பத்திரிகைகள் செல்லமாக வைத்தன. பலெர்மோவின் 10,000 பவுணை ஈட்டுவதற்குப் பின்னி வாரம் 14 பவுணாக எத்தனை ஆண்டு ஆடவேண்டும் என்று கணக்குப் பார்த்தால், அந்தச் செல்லப்பெயரில் அத்தனை இனிமை தோன்றாது.

மத்தியூஸுக்கு மக்கள் அன்பு வேறு வழிகளில் ஓரளவு காசானது. பத்திரிகைக் கட்டுரைகள், விளம்பரங்கள், பிளாக்பூலில் ஒரு சிறு விடுதி என்பன அவருக்கு இருந்தன. கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் அவர் பெயரிட்ட சப்பாத்துகளைச் செய்து விற்றது. வாழ்நாளில் புகை பிடியாதவருடைய படம் சிகரெட் விளம்பரத்திலும் வந்தது. அவர் வரலாற்றில் மெச்சமுடியாத சிறு பகுதி அது. ஆயினும் வாயிற்கதவில் குவிந்த பெரும்பணம் கழகங்களுக்கே போயிற்று. 1957 இல் ஜோன் சார்ள்ஸ் 65,000 பவுண் விலைக்கு இத்தாலியின் யுவென்ரஸ் கழகத்துக்குப் போனபோது, வெளியே திறந்திருக்கும் உலகம் எத்தகையது என்று மற்ற ஆட்டக்காரர் கண்டனர். ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யத் துணிந்த பின்னரே, 1961 சனவரியில் உச்சவரம்பு நீங்கியது. அப்பொழுது அது வாரம் 20 பவுணாக இருந்தது. சிறிது காலத்திலே புல்ஹாம் கழகத்தின் ஜோனி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண் பெற்றார். பின்னி ஆட்டத்தை விட்டு ஒன்பது மாதமே ஆகியிருந்தது.

1960 ஏப்ரலில் அரைக் காயத்தினால் பின்னி விடைபெற்றார். ஒரே கழகத்தில் தொடங்கி ஒரே கழகத்தில் முடித்தார். அடுத்த பருவத்திலே பிரெஸ்ரன் முதற்பிரிவிலிருந்து கீழிறங்கியது. அணியைத் தாங்கி நின்றவர் எவர் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. எனினும் இந்தச் சாட்சி பிரெஸ்ரனுக்கு வெளியே அதிகம் கேட்கப்படவில்லை. பின்னியை அனைவரும் மதித்தனர். எழுத்தாளர் சங்கத்தின் விருதை இரண்டு முறை பெற்ற முதல்வர் அவரே. மதிப்பு வேறு, ஏக்கம் வேறு. மதிப்பு வீட்டிலிருந்தபடியே கொடுக்கக்கூடியது. ஏக்கமோ மனிதரை மழையில் வரிசையாக நிற்கவைக்கும்.

1956 இல் பாரிஸ் நகரத்து 'பிரான்ஸ் புட்போல்' ஏடு ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரரை முதன்முதலாகத் தெரிவு செய்தபோதும் இதுவே நடந்தது. மத்தியூஸுக்கு 47 புள்ளிகள். ரியல் மட்ரிட்டின் டி ஸ்ரெபானோவுக்கு 44. அவ்வாண்டின் ஆட்டத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால், ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று தந்த டி ஸ்ரெபானோவுக்கே பரிசு போயிருக்கவேண்டும். 41 வயதில் இன்னும் காவலரை ஏமாற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு எழுத்தாளர்களும் இரசிகர்களாகி வாக்களித்தனர் என்றே கொள்ளவேண்டும். மறு ஆண்டு 42 வயதில் டென்மார்க்குக்கு எதிராக ஆடியதே இங்கிலாந்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

ஸ்ரோக்குக்குத் திரும்பியபின் நடந்தவை கதைபோன்றவை. 1963 இல் அக்கழகம் முதற்பிரிவுக்கு ஏறிய நாளிலே, வெற்றியை உறுதிசெய்த கோல்களில் ஒன்றை 48 வயது மத்தியூஸ் அடித்தார். 1965 புத்தாண்டில் அவர் சேர் பட்டம் பெற்றார். களத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்பட்டம் பெற்ற முதல் உதைபந்தாட்டக்காரர் அவரே. பெப்ரவரி 6 ஆந் திகதி, 50 வயதும் ஐந்து நாளும் ஆனபோது, முதற்பிரிவில் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். இத்தனை நீண்ட காலத்தில் நடுவர் ஒருவரேனும் அவரை எச்சரித்துப் பெயர் குறித்ததில்லை. பிற்காலத்தில் தென்னாபிரிக்காவின் சொவெற்றோவிலே கறுப்பினச் சிறுவருக்கு ஆட்டம் பழக்கி, நிறவெறி ஆட்சி நிலவிய 1975 இல் அவர்களைப் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். அவர் வாழ்வில் கிண்ணப் பதக்கத்திலும் பெரிய செயல் அது என்று கருதுவோரும் உளர்.

பின்னியும் 1960 உடன் முற்றாக ஒதுங்கவில்லை. 1963 செப்ரெம்பரில், ஐரோப்பியக் கிண்ணப் போட்டியொன்றில் பெல்பாஸ்ற் நகரத்து டிஸ்ரிலரி கழகம் லிஸ்பனின் பென்பிக்காவை எதிர்கொள்ளவேண்டி வந்தபோது, ஒரே ஓர் ஆட்டத்துக்காக அவர் மறுபடியும் சப்பாத்தணிந்தார். யூசெபியோவின் கழகம் அது. 41 வயதுப் பின்னி இருந்த அணி 3-3 என்று சமநிலை கண்டது. மறுபடியும் தொழிலுக்குத் திரும்பினார். பிரெஸ்ரனில் நீதவானாகவும் சுகாதார சபைத் தலைவராகவும் கடமை செய்தார். அவருக்குச் சேர் பட்டம் வந்தது 1998 இல். மத்தியூஸுக்குப் பின் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து.

2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆந் திகதி, 85 ஆம் வயதில், மத்தியூஸ் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காண ஸ்ரோக் நகர வீதிகளில் ஓர் இலட்சம் வரையிலான மக்கள் நின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் அவர் ஆடியதை நேரில் காணாதவர். தந்தையர் சொல்லக் கேட்டவர். அவருடைய அஸ்தி ஸ்ரோக் கழகத்தின் புதிய மைதானத்தில், நடுவட்டத்தின் கீழே புதைக்கப்பட்டது.

பின்னி 2014 பெப்ரவரி 14 ஆந் திகதி, 91 ஆம் வயதில், தாம் பிறந்த பிரெஸ்ரனின் மகனாகவே மறைந்தார். டீப்டேல் மைதானத்துக்கு வெளியே 2004 இல் அவருக்கு ஒரு சிலை நிறுவப்பட்டது. 1956 இல் லண்டனிலே செல்சி கழகத்துக்கு எதிராக, வெள்ளம் தேங்கிய களத்தில் அவர் இரு காவலரைக் கடந்து சறுக்கிச் செல்கையில் எடுத்த படத்தைப் பார்த்துச் செய்தது அது. சிலையைச் சுற்றி நீர் தெறிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். குழாய்த் தொழிலாளியின் சிலைக்கு நீர் பொருத்தமே. படத்தில் இருந்த காவலர் இருவரும் சிலையில் இல்லை. பின்னி மட்டும் இருக்கிறார்.